விசில் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வீர வரலாறு!



நள்ளிரவு. தெருவே உறங்குகிறது. 'டொக்... டொக்...' என்று தடியைத் தட்டும் சத்தம். தொடர்ந்து நீளமாக ஒரு விசில். தூக்கம் கலைந்து, "யாரும்மா அது?" என்று நீங்கள் கேட்டால் அம்மா என்ன சொல்வார்? "கூர்க்காடா... தூங்கு!" என்பார்.

மாதம் பிறந்ததும் அதே மனிதர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அப்பா கொடுக்கும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போவார். சினிமாவில் அவரைப் போலவே, "ஷலாம் ஷாப்!" என்று பேசிச் சிரிக்க வைப்பார்கள். உங்களில் சிலர் வகுப்பில் அதை நடித்துக் கைதட்டலும் வாங்கியிருப்பீர்கள்!

ஆனால், 'கூர்க்கா' என்பது காவல் வேலைக்கு வைத்த பெயர் அல்ல. பெரிய பெரிய படைகளைக்கூட ஒரு நிமிடம் தயங்க வைத்த பெயர் அது. 200 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வரலாறு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

ஊர்ப் பெயரே வீரர் பெயர்!

நேபாளத்தின் தலைநகர் காத்மாண்டு. அதற்கு மேற்கே, மலைகளுக்கு நடுவே 'கோர்க்கா' என்று ஓர் ஊர் இருக்கிறது. கோரக்நாதர் என்ற சித்தரின் பெயரால் அந்த ஊருக்கு இப்படிப் பெயர் வந்தது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அது ஒரு சின்னஞ்சிறு ராஜ்யம். 1743ஆம் ஆண்டு பிருத்வி நாராயண் ஷா என்ற இளைஞர் அங்கே அரசரானார். சுற்றிலும் இருந்த சிறு ராஜ்யங்களை ஒவ்வொன்றாக வென்று, 1768ஆம் ஆண்டில் காத்மாண்டுவையும் பிடித்தார். இன்றைய நேபாள நாடு உருவானது இப்படித்தான்.

கோர்க்கா அரசரின் படைவீரர்கள் 'கோர்க்காலி' எனப்பட்டனர். ஆங்கிலேயர் வாயில் அது 'குர்க்கா' ஆனது. நம் வாயில் 'கூர்க்கா' ஆகிவிட்டது!

கூர்க்கா என்பது ஒரு ஜாதி என்று நினைத்துவிடாதீர்கள். மகர், குரூங், ராய், லிம்பு, தமாங், சேத்ரி என்று நேபாள மலைகளில் வாழும் பல இன மக்களும் இந்தப் பெயருக்குள் அடக்கம். நேபாளத்தில் மட்டுமல்ல, நம் நாட்டில் டார்ஜிலிங், சிக்கிம், டேராடூன், தர்மசாலா போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் இந்தியக் கூர்க்காக்களும் உண்டு.

தண்ணீர் இல்லாத கோட்டை

1814ஆம் ஆண்டு. வளர்ந்துகொண்டே வந்த கோர்க்கா அரசும், இந்தியாவை விழுங்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிக்கொண்டன. முதல் பெரிய சண்டை டேராடூன் அருகே நாலாபானி என்ற இடத்தில் நடந்தது.

மலை உச்சியில் சிறு கோட்டை. அதுவும் முழுதாகக் கட்டி முடிக்கப்படாதது. உள்ளே இருந்தவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் 600 பேர். அவர்களின் தலைவர் பலபத்ர குன்வர். கீழே 3,000க்கும் மேற்பட்ட கம்பெனிப் படை, பீரங்கிகளோடு வந்து நின்றது. அதன் தளபதி ஜெனரல் ரோலோ கில்லஸ்பி.

இந்தப் பெயர் உங்கள் வரலாற்றுப் பாடத்தில் வருமே, நினைவிருக்கிறதா? ஆம்! 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அதை அடக்கினாரே, அதே கில்லஸ்பிதான்!

வேலூரில் ஒரே நாளில் முடித்த காரியம் நாலாபானியில் நடக்கவில்லை. 1814 அக்டோபர் 31ஆம் தேதி, தானே முன்னால் நின்று படையை நடத்தியபோது கில்லஸ்பி சுடப்பட்டு இறந்தார். நவம்பர் மாத இறுதியில் நடந்த இரண்டாவது பெரும் தாக்குதலும் தோற்றது. கோட்டைச் சுவரின்மேல் ஆண்களோடு பெண்களும் நின்று கற்களை வீசினார்கள்.

கடைசியில் கம்பெனிப் படை ஒரு வழி கண்டுபிடித்தது. கோட்டைக்குள் ஊற்று கிடையாது; தண்ணீர் வெளியே இருந்துதான் வரவேண்டும். அதைத் தடுத்துவிட்டு, இரவும் பகலும் பீரங்கியால் சுட்டது. தாகத்தால் தவித்தும் அவர்கள் சரணடையவில்லை. நவம்பர் 30ஆம் தேதி, மிஞ்சியிருந்த சுமார் 70 பேரோடு பலபத்ரர் கோட்டையை விட்டு வெளியேறி, முற்றுகையை ஊடுருவிச் சென்றுவிட்டார். கோட்டைக்குள் நுழைந்த ஆங்கிலேயர்கள் அங்கே கண்டது பிணங்களையும், குற்றுயிராகக் கிடந்தவர்களையும்தான். ஒரு சின்னக் கோட்டைக்காக அவர்கள் தரப்பில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமடைந்தோ இருந்தார்கள்.

இந்தப் போரின் நடுவே நடந்த ஒரு சம்பவத்தை ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். குண்டு பறந்துகொண்டிருந்தபோது கோட்டையிலிருந்து ஒருவர் கையை அசைத்தபடி வெளியே வந்தார். ஆங்கிலேயர்கள் சுடுவதை நிறுத்தினார்கள். பார்த்தால், அவருடைய தாடை குண்டு பட்டுச் சிதைந்திருந்தது. எதிரியின் மருத்துவரிடமே சிகிச்சைக்கு வந்திருந்தார்! சிகிச்சையும் அளித்தார்கள். குணமானதும் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "நான் திரும்பிப் போய் உங்களோடு சண்டை போட வேண்டும், அனுமதி கொடுங்கள்" என்று கேட்டார்!

போருக்குப் பின் ஆங்கிலேயர்கள் அங்கே இரண்டு தூண்களை எழுப்பினார்கள். ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும். இன்னொன்று, தங்களை எதிர்த்த பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும்! டேராடூன் போனால் இரண்டு தூண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

எதிரியே வேலைக்கு அழைத்தான்!

"இவர்களை எதிர்த்து நிற்பதைவிட நம்மோடு சேர்த்துக்கொள்வது மேல்" என்று ஆங்கிலேயர்கள் முடிவு செய்தார்கள். போர் முழுவதும் முடிவதற்கு முன்பே, 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் கூர்க்கா படைப்பிரிவுகள் தொடங்கப்பட்டன. 1816இல் சுகௌலி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து போர் ஓய்ந்தது. நேபாளம் தன் நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்தது.

வெளிநாட்டுப் படையில் சேருபவரை நேபாளத்தில் 'லாஹுரே' என்பார்கள். ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் பலர் லாகூருக்குப் போய், பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் படையிலும் சேர்ந்தார்கள். 'லாகூர் போனவர்' என்பதுதான் லாஹுரே! நாலாபானி பலபத்ரரும் லாகூர் போனவர்தான். 1823ஆம் ஆண்டு ரஞ்சித் சிங்கின் படையில், ஆப்கானியருக்கு எதிரான போரில் அவர் உயிர் துறந்தார்.

கைவிடாத குல்பீர்

வீரம் என்றதும் எத்தனை பேரைக் கொன்றார் என்றுதான் பலரும் கணக்குக் கேட்பார்கள். இப்போது நான் சொல்லப்போகும் வீரரின் கணக்கு வேறு. அவர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று கேளுங்கள்.

முதல் உலகப்போர். 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி. பிரான்ஸ் நாட்டில் ஜெர்மானியரின் பதுங்கு குழிகளை நோக்கிக் கூர்க்காக்கள் பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் குல்பீர் தாபா. குண்டடி பட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். எதிரியின் முதல் வரிசைப் பதுங்கு குழியைத் தாண்டியபின் திரும்பிப் பார்த்தால், கூட வந்தவர்கள் யாரையும் காணோம்! அங்கே, பலத்த காயத்தோடு ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் கிடந்தார். குல்பீருக்கு அவர் யாரென்றே தெரியாது.

"என்னை விட்டுவிட்டு நீ தப்பித்துப் போ" என்றார் அந்தச் சிப்பாய். குல்பீர் போகவில்லை. எதிரியின் எல்லைக்குள், ஒரு பகலும் ஓர் இரவும் அவர் பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் விடியலில் மூடுபனி இறங்கியது. அந்தச் சிப்பாயை எடுத்துக்கொண்டு முள்கம்பி வேலிகளைக் கடந்து, ஓரளவு பாதுகாப்பான ஒரு பள்ளத்தில் படுக்க வைத்தார். 'அப்பாடா, தப்பித்தோம்!' என்று நீங்களும் நானும் அதோடு ஓடி வந்திருப்போம். அவர் திரும்பிப் போனார். காயமடைந்து கிடந்த கூர்க்கா வீரர் ஒருவரைத் தூக்கி வந்தார். மீண்டும் போனார். இன்னொருவரைத் தூக்கி வந்தார். அதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. எதிரியின் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனாலும், பள்ளத்தில் காத்திருந்த அந்த ஆங்கிலேயச் சிப்பாயிடம் போய், குண்டு மழைக்கு நடுவே அவரையும் சுமந்து வந்து சேர்த்தார்.

இதற்காகக் குல்பீருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்களுக்கும் கூர்க்காக்களுக்கும் 1911ஆம் ஆண்டு வரை அந்த விருதைப் பெறும் உரிமையே இல்லை. அதைப் பெற்ற முதல் கூர்க்கா குல்பீர்தான். அவரோடு சேர்த்து இதுவரை 13 கூர்க்கா வீரர்கள் இந்த விருதைப் பெற்றிருக்கிறார்கள்.

இடது கையால் நான்கு மணி நேரம்

அந்த 13 பேரில் இன்னொருவர் லட்சுமண் குரூங். உயரம் ஐந்து அடிகூட இல்லை. 4 அடி 11 அங்குலம்தான்!

இரண்டாம் உலகப்போர். 1945 மே 12ஆம் தேதி இரவு. பர்மாவில் ஐராவதி ஆற்றுக்கு மேற்கே, ஒரு காவல் குழியில் அவர் இருந்தார். சுமார் 200 ஜப்பானிய வீரர்கள் பாய்ந்து வந்தார்கள். ஒரு கையெறி குண்டு குழியின் விளிம்பில் விழுந்தது. லட்சுமண் அதை எடுத்துத் திருப்பி வீசினார். இரண்டாவது விழுந்தது. அதையும் வீசினார். மூன்றாவது குண்டு கையில் எடுத்தபோதே வெடித்துவிட்டது. வலது கை விரல்கள் போயின. முகத்திலும் காலிலும் பலத்த காயம். பக்கத்தில் இருந்த தோழர்களுக்கும் படுகாயம்.

வலது கை இல்லாவிட்டால் என்ன? இடது கையாலேயே துப்பாக்கியில் தோட்டாவை நிரப்பிச் சுட்டார். நான்கு மணி நேரம்! அந்த இடத்தை எதிரியால் கடக்க முடியவில்லை.

அதே 1945ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் அவருக்கு விக்டோரியா கிராஸ் அணிவிக்கப்பட்டது. மகனின் பெருமையைப் பார்க்க, உடல்நலம் குன்றியிருந்த அவருடைய தந்தையை நேபாளக் கிராமத்திலிருந்து 11 நாட்கள் சுமந்து வந்தார்கள். வலது கண்ணின் பார்வையையும் இழந்திருந்த லட்சுமண், பிறகு ஊருக்குப் போய் விவசாயம் செய்தார். 2010ஆம் ஆண்டு லண்டனில் காலமானார்.

சுதந்திர இந்தியாவின் கூர்க்காக்கள்

1947இல் நாம் சுதந்திரம் பெற்றபோது மொத்தம் 10 கூர்க்கா ரெஜிமென்ட்டுகள் இருந்தன. இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 6 ரெஜிமென்ட்டுகள் இந்தியாவுக்கு, 4 பிரிட்டனுக்கு. பிரிட்டனுக்குப் போக விரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர்களுக்காக நாம் 11வது ரெஜிமென்ட்டை உருவாக்கினோம். ஆக, நம்மிடம் 7 ஆனது. 'குர்க்கா' என்ற ஆங்கிலேய உச்சரிப்பையும் மாற்றி, 'கோர்க்கா ரைபிள்ஸ்' என்று அழைக்கத் தொடங்கினோம்.

சிம்லாவில் பிறந்த கூர்க்கா மேஜர் தன்சிங் தாபா. 1962 அக்டோபர் 20ஆம் தேதி, லடாக்கில் பாங்காங் ஏரியின் வடகரையில் இருந்த சிரிஜாப் காவல் நிலையில் வெறும் 28 பேரோடு இருந்தார். சீனப் படை பீரங்கிகளோடு வந்து தாக்கியது. முதல் தாக்குதலை முறியடித்தார்கள். இரண்டாவதையும் முறியடித்தார்கள். மூன்றாவது முறை எதிரிகள் உள்ளே புகுந்தபோது, கைகலப்பில் இறங்கிப் போரிட்டார் தாபா. அதன்பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாகச் சொல்லி, பரம்வீர் சக்ரா விருதும் அறிவிக்கப்பட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் உயிரோடு சீனாவில் போர்க்கைதியாக இருக்கிறார் என்று! 1963இல் அவர் நாடு திரும்பினார். குடும்பத்தாருக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

கோர்க்கா ரைபிள்ஸில் அதிகாரிகளாக மற்ற மாநிலத்தவரும் பணியாற்றுவார்கள். 1961இல் ஐ.நா. அமைதிப்படைக்காகக் காங்கோ நாட்டில் உயிர் கொடுத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா பஞ்சாபைச் சேர்ந்தவர். 1999இல் கார்கில் போரில், குண்டடி பட்ட பிறகும் எதிரியின் பதுங்கு குழிகளை ஒவ்வொன்றாக வீழ்த்தி, 24 வயதில் உயிர்நீத்த மனோஜ் குமார் பாண்டே உத்தரப் பிரதேசத்துக்காரர். இருவருக்கும் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள் கூர்க்கா வீரர்கள்.

1971 போரில் நம் ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய சாம் மானெக்‌ஷா, கோர்க்கா ரைபிள்ஸின் செல்லப்பிள்ளை. 'சாம் பகதூர்' என்று கூர்க்கா வீரர்கள் அவரை அழைத்தார்கள். பகதூர் என்றால் வீரன். "சாகப் பயமில்லை என்று ஒருவன் சொன்னால், ஒன்று அவன் பொய் சொல்கிறான்; இல்லாவிட்டால் அவன் கூர்க்கா" என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். அவர் ஓய்வுக்காலத்தைக் கழித்தது நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில். 2008ஆம் ஆண்டு வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமான அவரது கல்லறை ஊட்டியில் இருக்கிறது.

குக்ரி: கதையும் நிஜமும்

கூர்க்கா என்றதும் நினைவுக்கு வருவது, முன்பக்கமாக வளைந்த குக்ரி கத்தி. "உறையிலிருந்து எடுத்துவிட்டால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்க மாட்டார்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது வெறும் கட்டுக்கதை! நேபாளத்து வீடுகளில் குக்ரி என்பது நம் வீட்டு அரிவாள், அரிவாள்மனை மாதிரி. விறகு வெட்டவும், புதர் கழிக்கவும், இறைச்சி வெட்டவும் அதுதான். ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் சமையல் நடக்குமா, சொல்லுங்கள்?

குக்ரியின் உறையில் இன்னும் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். ஒன்று 'கர்தா', சின்னச் சின்ன வேலைகளுக்கு. இன்னொன்று 'சக்மக்', இது கூர் இல்லாதது. கத்தியைத் தீட்டவும், கல்லில் உரசித் தீப்பொறி வரவழைக்கவும் பயன்படும்.

பிறவியிலேயே வீரர்களா?

1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஒரு கொள்கையைப் பரப்பினார்கள். சில இனத்தார் பிறவியிலேயே போர்வீரர்கள். மற்றவர்கள் அதற்கு லாயக்கில்லாதவர்கள் என்பது அந்தக் கொள்கை. கூர்க்காக்களை முதல் வகையில் சேர்த்தார்கள். கேட்பதற்குப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'அவன் பிறவியிலேயே கணக்கில் புலி' என்று உங்கள் நண்பனைப் பற்றிச் சொன்னால், அவன் விடிகாலையில் எழுந்து போட்ட கணக்குகளையெல்லாம் மறந்துவிடுகிறோம், இல்லையா?

கூர்க்காக்களின் கதையும் அதுதான். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சிறு வயல்; அதில் விளைவது வீட்டுக்கே போதாது. பள்ளிக்கூடம் போகவும் தண்ணீர் எடுக்கவும் ஏறி இறங்க வேண்டும். முதுகில் 'டோகோ' என்ற மூங்கில் கூடை. அதன் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமக்க வேண்டும். இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு ராணுவச் சம்பளம் என்பது ஒரு குடும்பத்தின் வயிறு. தம்பி தங்கையின் படிப்பு.

பிரிட்டிஷ் படைக்கான தேர்வு நேபாளத்தின் பொக்கராவில் நடக்கும். ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் வருவார்கள். தேர்வாகிறவர்கள் சில நூறு பேர்தான். அதில் பேர்போனது 'டோகோ ஓட்டம்'. மணல் நிரப்பிய கூடையைச் சுமந்துகொண்டு செங்குத்தான பாதையில் சுமார் 5 கி.மீ. மேல்நோக்கி ஓட வேண்டும். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்! இதற்காகப் பையன்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தோற்றவர்கள் அழுதுகொண்டே ஊர் திரும்புவதும் உண்டு.

அவர்களுடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு: 'காபர் ஹுனு பந்தா மர்னு ராம்ரோ'. கோழையாக இருப்பதைவிடச் சாவது மேல் என்று அர்த்தம். "பயமே வராதா?" என்று கேட்காதீர்கள். பயம் எல்லோருக்கும் வரும். பயத்தோடு என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

கசப்பான ஒரு பக்கம்

வரலாறு என்றால் இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கசப்பைத் துப்பிவிட முடியாது. 1857இல் டெல்லியில் கிளர்ந்தெழுந்த இந்தியர்களை எதிர்த்து ஆங்கிலேயர் பக்கம் நின்றதும் கூர்க்கா படைதான். 1919 ஏப்ரல் 13ஆம் தேதி, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த அப்பாவி மக்களைச் சுட ஜெனரல் டயர் அழைத்துப்போன சிப்பாய்களில் கூர்க்காக்களும் இருந்தார்கள்.

அதே கூர்க்காக்களிலிருந்து துர்கா மல்லாவும் வந்தார். டேராடூன் அருகே பிறந்த அவர் பிரிட்டிஷ் படையிலிருந்து விலகி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பிடிபட்டபின் 1944 ஆகஸ்ட் 25ஆம் தேதி டெல்லியில் தூக்கிலிடப்பட்டார். 2004இல் நாடாளுமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. தர்மசாலா அருகே பிறந்த இன்னொரு கூர்க்காவான ராம்சிங் தாக்கூர்தான் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்புப் பாடல்களுக்கு இசையமைத்தவர்.

துணிச்சல் இருந்தால் மட்டும் போதுமா? அதை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டாமா? வகுப்பில் இதை விவாதித்துப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.

சண்டை முடிந்த பிறகு...

உயிரைக் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கிடைத்தது என்ன? பிரிட்டனுக்காகப் போரிட்ட கூர்க்காக்களுக்குப் பல ஆண்டுகள், ஆங்கிலேய வீரர்களைவிட மிகக் குறைந்த ஓய்வூதியமே கிடைத்தது. ஓய்வு பெற்றதும் நேபாளத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

துல் பகதூர் புன் என்ற வீரர் 1944இல் பர்மாவில் விக்டோரியா கிராஸ் வென்றவர். முதுமையில் நோயுற்று, சிகிச்சைக்காகப் பிரிட்டனில் வந்து வாழ அனுமதி கேட்டார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். சொன்ன காரணம் என்ன தெரியுமா? அவருக்கும் பிரிட்டனுக்கும் போதிய தொடர்பு இல்லையாம்! பிரிட்டிஷ் மக்களே கொதித்துப்போனார்கள். 2007ஆம் ஆண்டு அவருக்கு அனுமதி கிடைத்தது. ஜோனா லம்லி என்ற நடிகையின் தந்தை கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பலனாக, நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற கூர்க்காக்கள் எல்லோரும் பிரிட்டனில் குடியேறலாம் என்று 2009ஆம் ஆண்டு மே மாதம் அரசு அறிவித்தது. ஓய்வூதியத்துக்கான போராட்டமோ அதற்குப் பின்னும் தொடர்ந்தது. 2021இல் லண்டனில் பிரதமர் இல்லத்துக்கு எதிரே முன்னாள் வீரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. 2022இல் நான்கு ஆண்டுப் பணிக்கான 'அக்னிபத்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 'நான்கு ஆண்டு முடிந்து வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகளின் கதி என்ன?' என்று நேபாளம் கவலைப்பட்டு ஒப்புதல் தரவில்லை. அதனால் நேபாளத்திலிருந்து நம் படைக்கு ஆள் சேர்ப்பது அந்த ஆண்டே தடைப்பட்டது.

கால் இல்லாமல் எவரெஸ்ட்!

நேபாளத்து ரோல்பா மாவட்டத்தில் பிறந்தவர் ஹரி புத்தா மகர். பிரிட்டனின் கூர்க்கா படை வீரர். 2010ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் சிக்கி, இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலேயே இழந்தார். மனம் உடைந்து கிடந்த நாட்கள் நிறைய. பிறகு செயற்கைக் கால்களோடு மலையேறப் பழகினார். எவரெஸ்ட் ஏறுவேன் என்றார்.

அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, இரு கால்களும் இல்லாதவர்கள் எவரெஸ்ட் ஏறக் கூடாது என்று 2017இல் நேபாள அரசு தடை போட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2023 மே 19ஆம் தேதி அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்! முழங்காலுக்கு மேலே இரு கால்களையும் இழந்தவர்களில் அங்கே ஏறிய முதல் மனிதர் அவரே. இதில் எதிரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் இது கூர்க்கா வீரம்தானே?

நீங்கள் செய்ய வேண்டியது

நம் தெருவில் விசில் ஊதி வருபவர் இந்தப் படைகளில் இருந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்கள் பலர் காவல் வேலைக்கு வந்ததால், நேபாளத்துக் காவல்காரர் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் தெருக்காரர் படையில் சேராத ஓர் ஏழை விவசாயியாக இருக்கலாம். மனைவி மக்களை மலைக்கிராமத்தில் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் விழித்திருக்கிறார். அவரைக் கேலி செய்யாதீர்கள். அவருக்கும் ஒரு பெயர் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அண்ணா" என்றோ "மாமா" என்றோ கூப்பிடுங்கள். அவர் ஊர் எங்கே என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு உங்கள் அட்லஸை எடுங்கள். காத்மாண்டு, பொக்கரா, கோர்க்கா மூன்றையும் நேபாளப் படத்தில் கண்டுபிடியுங்கள். டேராடூனும் பாங்காங் ஏரியும் இந்தியப் படத்தில் இருக்கும். ஐராவதி ஆறு எங்கே ஓடுகிறது? எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். மலைச்சரிவில் கூடை சுமந்த பிள்ளைகள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கே புரியும்!